ப்ரோசெட் பட்டியலா, கணினிக் கணிப்பா?

மனநல வார்டில் அடுத்து யார் கை நீட்டக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய கேஸ் ஷீட்டுகளை எல்லாம் படித்து ஆபத்து மதிப்பெண் போடும் மென்பொருள். மற்றது, நோயாளியின் நடத்தையைப் பார்த்து நர்ஸ்களே மதிப்பெண் போடும், நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல். வார்டு பொறுப்பு நர்ஸாக நான் பட்டியலைத்தான் கேட்டு வாங்கினேன். அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மென்பொருள் அசராது, எத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கும். சரி.

ப்ரோசெட்டில் கவனிக்க வேண்டியவை ஆறுதான்: குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், அடிக்க வருவது போன்ற மிரட்டல், பொருட்களைத் தாக்குவது. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கூட்டல் 3 வந்துவிட்டால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். எனக்குப் பிடித்தது இதிலுள்ள ஒரு விதி: தெரிந்த நோயாளி என்றால், வழக்கத்தைவிடக் கூடியிருந்தால்தான் 1. எப்போதுமே சத்தமாகப் பேசுகிற பெரியவருக்கு அந்தச் சத்தத்துக்காக மதிப்பெண் கிடையாது.

இந்த மதிப்பெண்ணின் ஆயுள் 24 மணி நேரம். அப்புறம் புதிதாகப் போட வேண்டும். என் முடிவுக்குக் காரணமே இதுதான். மென்பொருளைச் சில வாரம் ஓட்டிப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முன் மருந்தை நிறுத்தியிருந்த சமயத்தில் கதவை உதைத்த ஒருவருக்குச் சிவப்பு, அதாவது அதிக ஆபத்து என்ற எச்சரிக்கை, விழுந்தது. ஆள் அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் சிவப்பைப் பார்த்த புது நர்ஸ்கள் நாலடி தள்ளி நின்றே பேசினார்கள். யாருக்குத்தான் கோபம் வராது? இன்னொன்று, நாங்கள் முந்திக்கொண்டு சமாதானப்படுத்திச் சண்டையைத் தவிர்த்தால், ‘எச்சரித்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்றுதான் பதிவுகளிலிருந்து அது கற்றுக்கொள்ளும். அதைத் திருத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். எங்களுக்கு இரவு ஷிஃப்டுக்கே ஆள் இல்லை.

2008-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், ப்ரோசெட்டைப் பயன்படுத்திய வார்டுகளில் கடுமையான வன்முறை 41 சதவீதம் குறைந்தது. ஆனால் எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்ற யோசனைகளையும் சேர்த்தே அங்கே கொடுத்திருந்தார்கள்.

இந்த இரண்டில் எது கேஷுவாலிட்டிக்குச் சரி என்று கேட்டால் என்ன சொல்வது? நான் அங்கே இருந்தது சில மாதங்கள்தான். பார்த்தவரை, அங்கே பயம் நோயாளியைவிட உடன் வருபவர்களிடம்தான். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டரைக் குத்தியது நோயாளியின் மகன். மகனுக்கு ஏது கேஸ் ஷீட்? அங்கே இரண்டுமே உதவாது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வார்டிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிஃப்டில் சிலர் கட்டிலருகே போகாமலே வரிசையாக 0 போட்டுவிடுகிறார்கள். காலையில் சார்ட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆறு கட்டத்திலும் ஒரே வேகத்தில் போட்ட வட்டங்கள்.