பழைய வண்டிக்கு மாற்றாகப் பிக்கப்பா, எஸ்.யூ.வி.யா: ஐந்து வண்டிகளைப் பார்த்தபின் வாங்கிய பஜேரோ

பதினெட்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் வண்டியை வழக்கமான சர்வீசுக்காகத் தூக்கி நிறுத்தியபோது, பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து செல்லும் சேசிஸில் மெக்கானிக் வைத்து அழுத்திய ஸ்க்ரூடிரைவர், நனைந்த அட்டைக்குள் போவதுபோல் உள்ளே போய்விட்டது. இஞ்சின் அன்றும் நன்றாகவே ஓடியது. இஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அவற்றைத் தாங்கும் சட்டமே துருவேறி இற்றுப்போன பிறகு அந்த வண்டிக்குச் செய்யும் செலவு ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான். அதன்பின் இரண்டு மாதங்கள் தேடி, ஐந்து பழைய வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்து, 2014ஆம் ஆண்டின் மிட்சுபிஷி பஜேரோ எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினேன். ஏன் அது, மற்றவை ஏன் இல்லை என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரை.

தேடத் தொடங்கியபோது என் மனம், இரு வரிசை இருக்கைகளும் பின்னால் திறந்த சாமான் தட்டும் உள்ள இரட்டைக் கேபின் பிக்கப்பின் மீதே இருந்தது. ஆனால் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு மாதத்துக்கு வண்டியில் ஏறும் ஆட்களையும் சாமான்களையும் எழுதிவைக்கச் சொன்னார். மாத முடிவில் பார்த்தால், திறந்த தட்டு தேவைப்பட்ட நாட்கள் மூன்று. பின்னிருக்கையில் மூவர் நெருக்கி உட்கார்ந்த நாட்கள் பதினெட்டு. பிக்கப்பின் பின்புறத்தில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஏறத்தாழ ஒரு டன் சுமையைத் தாங்குவதற்காக அடுக்கப்பட்டவை என்பதால், சுமை இல்லாமல் ஓடும்போது சாலையின் ஒவ்வொரு மேட்டையும் அவை முதுகுக்குச் சொல்லிவிடும். கேபினின் பின்சுவர் இடத்தைத் தின்றுவிடுவதால் பின்னிருக்கையின் சாய்மானமும் நிமிர்ந்தே நிற்கும். வாரந்தோறும் சிமென்டோ, எருவோ, ஈரமான கருவிகளோ ஏற்றுபவர்களுக்கு இவை பொருட்டல்ல. எங்களுக்கு அவை தினசரித் தொல்லையாக இருந்திருக்கும்.

அப்படியும் ஆசை விடாமல் மூன்று பிக்கப்புகளை விசாரித்தேன். டொயோட்டா ஹைலக்ஸில் 2015இல் வந்த எட்டாம் தலைமுறையை முந்தையதோடு ஒப்பிட்டால் முக்கியமான வேறுபாடு இஞ்சினில் இருக்கிறது: பழைய 3.0 லிட்டர் டீசல் இஞ்சினுக்கு டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும், குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய பட்டை), புதிய 2.8 லிட்டருக்கு அதே வேலையைச் செய்யும் டைமிங் செயின். பெல்ட் உள்ள வண்டியை வாங்குபவர், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டும். 2.8 லிட்டரில் செயின் இருந்தாலும், புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டீசல் வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளின் வடிகட்டி அமைப்பில் குறை இருந்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பொதுவாகவே இந்த வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, வேகமான ஓட்டம் வேண்டும் என்பதால், குறைந்த கிலோமீட்டரே ஓடிய நகரத்து டீசல் வண்டி பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும் உண்மையில் சந்தேகத்துக்குரியது.

ஃபோர்டு ரேஞ்சர் 2011இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் பிக்கப். ஓட்டுவதற்கும் அதுவே காருக்கு அருகில் வருவதாக எனக்குத் தோன்றியது. ஆனால் அதன் 2.0 லிட்டர் டீசல் இஞ்சினின் ஆரம்ப ஆண்டு வண்டிகளில் டைமிங் பெல்ட் இஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே சுழல்கிறது. எண்ணெயைத் தள்ளிப்போட்டு மாற்றினால் பெல்ட் சிதைந்து, அதன் துணுக்குகள் எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கும். முந்தைய உரிமையாளரின் ஒழுங்கை நம்பி வாங்கத் துணிவு வரவில்லை. இசுசு டி-மேக்ஸில் வந்த 3.0 லிட்டர் 4ஜேஜே1 இஞ்சின் சத்தக்காரன்தான், இருந்தாலும் செயின் உள்ளது, உழைப்பாளி. பிக்கப்தான் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை அதுவே.

பெயரை நம்பி வாங்காதிருக்க ஒரு சான்று போதும். டொயோட்டாவின் பிக்கப்புகள் அழியாதவை என்பார்கள். அந்த நிறுவனமே அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான டக்கோமா உள்ளிட்ட வண்டிகளுக்காகத் தொடரப்பட்ட துரு வழக்கில் சமரசம் செய்துகொண்டு, துரு துளைத்த சேசிஸ்களை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. ஆகவே நான் முதலில் திறந்து பார்த்தது இஞ்சின் மூடியை அல்ல. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு, சேசிஸின் பெட்டி வடிவப் பகுதிகளை, குறிப்பாகப் பின்சக்கர வளைவையும் ஸ்பிரிங் பொருத்தும் இடங்களையும் தட்டிக் கேட்டேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உதிரும் இரும்பு மந்தமாகப் பேசும். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கறுப்புப் பெயின்ட் பூசப்பட்டிருந்தால் அதை அழகாக அல்ல, மறைப்பாகவே கொள்ள வேண்டும்.

நான் பார்த்தவற்றுள் மிகப் பளபளப்பாக இருந்த ஒரு வண்டியை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்ப்பேன் என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். போய்த் தொட்டபோது அது சுடச்சுட இருந்தது. இப்போதுதான் கழுவ ஓட்டி வந்தோம் என்றார்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தெரியும் புகையும் செயின் சத்தமும் சூட்டில் மறைந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் எடுத்துச்சென்ற சிறிய ஸ்கேனரைச் செருகியபோது பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனால் வண்டியின் கணினி தன் சுயசோதனைகளுள் பெரும்பாலானவற்றை இன்னும் முடிக்கவில்லை என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றியோ, குறியீடுகளை அழித்தோ சற்று நேரமே ஆகியிருந்தால்தான் அப்படிக் காட்டும். மீட்டர் சொன்ன கிலோமீட்டரோ அந்தப் பிரேக் பெடலின் தேய்ந்த ரப்பரோடு எவ்வகையிலும் பொருந்தவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஜேரோவை ஒரு தனி உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். வண்டி ஒரு கைதான் மாறியிருந்தது, ரசீதுகள் ஒரு தடித்த கோப்பில் வரிசையாக இருந்தன, காலையில் இஞ்சின் கல்லாகக் குளிர்ந்திருந்தது. இதன் 3.2 லிட்டர் டீசலுக்கும் டைமிங் செயின்தான். 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்தே பஜேரோவில் சட்டமும் உடலும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டன. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன். அதனால் பிக்கப்பின் குதிப்பு இதில் இல்லை. என்னை முடிவெடுக்க வைத்தது சூப்பர் செலக்ட் என்னும் நான்கு சக்கர இயக்கம். பெரும்பாலான பிக்கப்புகளில் முன்னும் பின்னும் உள்ள அச்சுகளுக்கு நடுவே, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் திருப்பங்களில் இயக்கத் தொடர் முறுக்கிக்கொள்ளும். பஜேரோவில் நடு டிஃபரென்ஷியல் உண்டு. மழையில் பாதி நனைந்து பாதி காய்ந்து கிடக்கும் சாலையில் யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம். டொயோட்டாவின் எஸ்.யூ.வி.யான பிராடோவும் இதில் சளைத்ததல்ல, ஆனால் அந்தப் பெயருக்கென்று தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள்.

இது யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பஜேரோவின் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. நான்காம் தலைமுறை 2006இல் பிறந்த வடிவமைப்பு என்பதால் தானியங்கி அவசரப் பிரேக் போன்றவற்றை இதில் தேட வேண்டாம். அது முக்கியமெனில் பின்வந்த ஆண்டுகளின் வண்டிகளைப் பார்க்கலாம், ஆனால் ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது: 2016இல் யூரோ என்கேப் சோதித்த ஹைலக்ஸ் சாதாரண வகையில் மூன்று நட்சத்திரமும், பாதுகாப்புத் தொகுப்போடு ஐந்து நட்சத்திரமும் பெற்றது. மேலும், பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால், சுவரை ஒட்டி நிறுத்துபவர்கள் சாமான் எடுக்க முடியாது.

மாதத்துக்கு மூன்று நாள் தேவைப்பட்ட அந்தத் திறந்த தட்டுக்கு ஒரு பழைய டிரெய்லர் கிடைத்துவிட்டது. வாங்கிய வாரத்திலேயே இஞ்சின், கியர்பாக்ஸ், இயக்கத்தை முன்பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அந்த அச்சுகளின் இரண்டு டிஃபரென்ஷியல்கள் ஆகியவற்றின் எண்ணெய்களையும், கூலன்டையும், பிரேக் திரவத்தையும் மாற்றினேன். ஓடும் டயர்கள் நான்கும் புதியவை. பின்கதவில் தொங்கிய உதிரி டயரின் பக்கவாட்டில் மட்டும் 0914 என்றிருந்தது. அதாவது 2014ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். வண்டியோடு பிறந்து ஒருமுறைகூடத் தரையைத் தொடாத அந்த டயரையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டேன்.