அவசர வழி பரிசோதனைச் சேவை: ஒரு வருட அனுபவம்

திருப்பூரில் மூன்று மாடி பனியன் கம்பெனி ஒன்றில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவசர வழிகளைப் பார்த்துத் தர கோவைக்காரர்களை அமர்த்தினோம். இதுவரை நான்கு முறை வந்துவிட்டார்கள்.

முன்பு வேறொரு நிறுவனம் பார்த்தது. ஒற்றை ஆளைத்தான் அனுப்பும். அந்தத் தம்பி மூன்றாம் மாடிக் கதவைத் தள்ளி, வெளியே இரும்புப் படிக்கட்டில் கால் வைத்தார். துருப்பிடித்த படி உடைந்து முழங்கால் வரை கால் உள்ளே போய்விட்டது. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, செல்போன் உள்ளே மேஜையில். தையல் மெஷின் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பேக்கிங் அக்கா ஒருவர் ஜன்னல் பக்கம் போனதால் 20 நிமிடம் கழித்துத் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு எனக்குப் பல நாள் தூக்கமில்லை.

இந்தக் கோவைக்காரர்கள் எப்போதும் இரண்டு பேர். முதலில் தரையில் நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்க்கிறார்கள்: வெல்டிங், சுவர் போல்ட், குளவிக்கூடு. அப்புறம் மாடியில் ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இடுப்பில் பெல்ட் மாட்டி, சுத்தியலால் ஒவ்வொரு படியாகத் தட்டிவிட்டுத்தான் இறங்குகிறார். எக்ஸிட் போர்டைக் கழற்றுவதானால் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

முதல் வருகையிலேயே சுவர் போல்ட்கள் அரித்துவிட்டன, உடைந்த படியை மட்டும் மாற்றியது போதாது என்று சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கில் 1911-ல் டிரையாங்கிள் சட்டை கம்பெனி எரிந்து 146 பேர் இறந்தபோது, ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளி இரும்புப் படிக்கட்டும் கூட்டத்தின் பாரம் தாங்காமல் சரிந்தது. முதலாளியிடம் இதைச் சொல்லித்தான் புதுப் படிக்கட்டுக்குப் பணம் வாங்கினேன்.

குறைகளும் உண்டு. இரண்டாவது முறை வந்தபோது, ஷிப்ட் நடுவில் முன்கூட்டிச் சொல்லாமல் அலாரத்தை ஒலிக்கவிட்டார்கள். பெண்கள் பதறி எழுந்து ஓட, வழியில் கிடந்த பண்டலில் ஒருவர் தடுக்கி விழுந்தார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. சோதிக்கும் வேலையே ஆளை மிதிபட வைத்துவிடும். சண்டை போட்ட பிறகு இப்போது மைக்கில் அறிவித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் செய்கிறார்கள். அறிக்கை இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. எங்கள் லைன் சூப்பர்வைசர்களுக்கு நான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வருகைக்கு 6,500 ரூபாய். அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று, அறிக்கை தமிழில் வேண்டும் என்ற நிபந்தனையோடு.