பிரியாணி மாஸ்டர் வேலை: உணவகமா, கல்யாணக் குழுவா?

பிரியாணிக்குத் தம் போடக் கற்றுக்கொண்ட தம்பிகள் பலரும், உணவகத்தில் சேர்வதா, கல்யாணங்களுக்குப் போய்ச் சமைக்கும் குழுவில் சேர்வதா என்ற குழப்பத்தோடுதான் வருகிறார்கள்.

வருமானம்
உணவகம்: மாதச் சம்பளம், சாப்பாடு, பல இடங்களில் தங்குமிடமும். புரட்டாசியில் விற்பனை குறைந்தாலும் சம்பளம் வரும்.
குழு: நாள் கூலி. ரமலான் மாதத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் அரிது. கையில் சேமிப்பு வேண்டும்.

வேலையில் சேர்வது
குழு: ஒரு மூத்த மாஸ்டரின் சொல் போதும்.
உணவகம்: சமைத்துக் காட்டச் சொல்வார்கள். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள். சீரகச் சம்பாவில் பழகியவரிடம் பாசுமதியைக் கொடுத்தால் தண்ணீர் அளவும் வேகும் நேரமும் மாறிவிடும். எந்த அரிசி, விறகா கேஸா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பவரைத்தான் அனுபவசாலி என்று மதிப்பார்கள். மருத்துவத் தகுதிச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். உணவைக் கையாள்பவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம்.

உழைப்பு
உணவகம்: தினமும் நின்றபடி வேலை.
குழு: விடிவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும், மறுநாள் ஓய்வு கிடைக்கலாம்.

வீடு உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் உணவகத்தில் சேருங்கள். பின்னாளில் சொந்தமாக ஆர்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் குழுதான்: நூறு கிலோ அரிசிக்குக் கறி, எண்ணெய், விறகு என்று கணக்குப் போட அங்கேதான் பழக முடியும்.