பச்சை டிக்க நம்பி ₹38,500 போச்சு, சர்வர் வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம் தான் என் சர்வருக்கு பேக்கப் எடுக்கறேன்னு பணம் வாங்கினவங்க என் நம்பர பிளாக் பண்ணாங்க. கோவம் இன்னும் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார், அதனால போடல. சின்ன கம்பெனிகளோட சர்வரப் பாத்துக்கறேன்னு வருச கான்ட்ராக்ட் எடுத்து, தினமும் பேக்கப் எடுக்கறோம், எது நடந்தாலும் டேட்டா சேஃப்னு சொல்ற சர்வீஸ் ஆளுங்க. உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு. கடைசில என்னென்ன செக் பண்ணணும்னும் சொல்றேன்.

நான் திருப்பூர்ல சின்னதா ஒரு ஸ்டிச்சிங் யூனிட் வெச்சிருக்கேங்க. ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் எல்லாம் சேத்து 63 பேர். பீஸ் ரேட்டு, சனிக்கிழமை சம்பளம். யார் எந்த பண்டில்ல எத்தனை பீஸ் தெச்சாங்க, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினாங்க, எவ்வளவு பிடிச்சோம், எல்லாம் ஆபீஸ்ல இருக்கற ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்ல, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல. பில்லு போனாலாவது ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஃபைல் பண்ணினத பாத்து எடுத்துடலாம், சம்பளக் கணக்கு உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

போன டிசம்பர்ல அந்த சர்வீஸ் கம்பெனில இருந்து ஒரு பையன் வந்தான். முப்பது வயசு இருக்கும், மரியாதையா பேசினான். கட்டிங் டேபிள் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எங்கம்மா குடுத்த மோர குடிச்சுட்டு, "அண்ணா, டேட்டா கவலைய எங்கிட்ட விட்டுடுங்க, நீங்க தொழிலப் பாருங்க"ன்னான். அந்த ஒரு வார்த்தைல விழுந்துட்டேன். அதுக்கு முந்தின வாரம் தான் தெரிஞ்ச ஒருத்தர் யூனிட்ல வைரஸ் வந்து மொத்த கணக்கும் லாக் ஆகி பாவம் மனுசன் தலைல கைவெச்சு உக்காந்திருந்தத பாத்துட்டு வந்திருந்தேன், அந்த பயமும் சேந்துக்கிச்சு. வருசத்துக்கு 24,000, மொத்தமா குடுத்துட்டேன். தினமும் ராத்திரி ரெண்டே காலுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும், "பேக்கப் சக்ஸஸ்"னு பச்சை டிக்கோட. காலைல எந்திரிச்சதும் நான் பாக்கற முதல் மெசேஜ் அதுதான். ஒரு நாள் தவறினதில்ல.

என் வீட்டுக்காரம்மா தான் கணக்கெல்லாம் போடறது. அவ ஒரு நாள் அவங்கிட்ட நேரா கேட்டா, "தம்பி, அந்த பேக்கப்ல இருந்து ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன், சரியா வருதான்னு பாத்துக்கறேன்." அதுக்கு அவன், "அக்கா, ரீஸ்டோர் பண்ணினா ஓடிட்டிருக்கற டேட்டா மேல ஏறிடும், தேவையில்லாத ரிஸ்க்"னான். நானும் அவள "விடு, அவங்களுக்குத் தெரியாததா"ன்னு அடக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவ அத ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல, எனக்குத்தான் நெஞ்சுல முள்ளா இருக்கு. ஏன்னா அவன் சொன்னது பொய். வேற ஒரு மெஷின்ல, ஒரு பழைய லேப்டாப்ல கூட, காலி டேட்டாபேஸ் ஒண்ணு உருவாக்கி அதுல ஏத்திப் பாக்கலாம். ஓடிட்டிருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.

இந்த மாசம் 3-ஆம் தேதி புதன்கிழமை காலைல கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு, யூபிஎஸ்ஸும் கைவிட்டுருச்சு, சர்வர் ஹார்ட் டிஸ்க் அவுட். ஃபோன் போட்டேன். "டென்ஷன் ஆகாதீங்கண்ணா, பேக்கப் இருக்குதுல்ல, சாயங்காலத்துக்குள்ள எழுப்பிடலாம்"னான். புது டிஸ்க் வாங்கிப் போட்டு லினக்ஸ் ஏத்தி, ஏழு மணிக்கு கறுப்பு ஸ்க்ரீன்ல உக்காந்தான். நான் பின்னாடியே நிக்கறேன். அந்த பேக்கப் ஃபைல பிரிச்சு மைஎஸ்க்யூஎல் உள்ள அனுப்பற கமாண்ட், ஒரே வரி தான், அடிச்சு என்டர் தட்டினான். கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கர்சர் அடுத்த வரில வந்து நின்னுருச்சு. எரர் ஒண்ணும் இல்ல. "முடிஞ்சுதுங்ணா"ன்னான். எட்டு வருச கணக்கு ஒரு செகண்ட்ல ஏறுமான்னு எனக்கு அப்பவே வயித்த என்னமோ பண்ணுச்சு. சாஃப்ட்வேரத் திறந்தா டேபிளே இல்லைங்குது. அவன் ஷோ டேபிள்ஸ்னு அடிச்சான், "எம்ப்டி செட்"னு வந்துச்சு, அதாவது உள்ள ஒண்ணுமே இல்ல. மூஞ்சி மாறிப் போச்சு. உடனே ஸ்க்ரீன மூடிட்டு, "டிஸ்க்ல இருந்து நேரா எடுத்தாத்தாண்ணா ஆகும், எங்க லேப்ல ரெக்கவரி பண்றோம், 14,500 ஆகும்"னான். நான் இருந்த நிலைமைல அங்கயே நின்னு ஜிபே பண்ணிட்டேன். 24,000-ம் 14,500-ம், ஆக 38,500.

அதுக்கப்புறம் நடந்தத சொல்றேன் கேளுங்க. வியாழக்கிழமை "சீனியர் பாத்துட்டிருக்கார்". வெள்ளிக்கிழமை "புகார் டிக்கெட் போட்டிருக்கு, நம்பர் அனுப்பறேன்", நம்பர் வரவே இல்ல. சனிக்கிழமை ஃபோனே எடுக்கல. அடுத்த வாரம் ஒரு பென்டிரைவ் குடுத்துவிட்டாங்க, அதுல இருந்த ஒரு ஃபைலும் திறக்கல. பணத்த திருப்பிக் கேட்டா "லேப் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாதுங்க"ன்னு ஒரு பொண்ணு பேசுது. அப்ப பேக்கப் எங்கன்னு கேட்டா, "ஃபைல் இருக்குதுங்களே, பேக்கப் ஃபைல் எடுத்து வெக்கறது தான் எங்க வேலை, ரீஸ்டோர் கான்ட்ராக்ட்ல இல்ல"ன்னாங்க. எடுத்துப் படிச்சுப் பாத்தேன். ரீஸ்டோர்ங்கற வார்த்தையே அதுல எங்கயும் இல்ல.

என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சது எங்கக்கா பையன். கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் வேலை. அந்த ஞாயித்துக்கிழமையே வந்து, பேக்கப் போய் சேர்ற இடத்துக்குள்ள நுழைஞ்சு உள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு காட்டற எல்எஸ்ங்கற கமாண்ட அடிச்சான். "மாமா, இங்க பாருங்க"ன்னு விரல வெச்சுக் காட்டினான். வரிசையா முப்பது ஃபைல், தேதி போட்டு அழகா பேர் வெச்சு. பக்கத்துல சைஸ் போட்டிருக்கற இடத்துல 20, 20, 20, 20, மேல இருந்து கீழ வரைக்கும் அதே 20. எம்பி இல்லைங்க, 20 பைட். முழுசா ஒரு வரி எழுதக்கூட அந்த எடம் பத்தாது.

ஜூன் 18-ஆம் தேதி இவங்களே வந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்ட மாத்தியிருக்காங்க, தினமும் தானா பேக்கப் எடுக்கற கமாண்டெல்லாம் எழுதி வெச்சிருக்கற ஸ்க்ரிப்ட்ல பழைய பாஸ்வேர்டே கிடந்திருக்கு. ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ ஃபைலா எழுதித் தர்ற மைஎஸ்க்யூஎல்டம்ப்ங்கற ப்ரோக்ராம் ஓடும், பாஸ்வேர்ட் தப்புன்னு வெளிய தள்ளிடும், ஒண்ணுமே வராது. ஒரு கமாண்ட்ல இருந்து வர்றத அடுத்த கமாண்டுக்கு அனுப்பறதுக்குப் பேரு பைப். அந்த ஒண்ணுமில்லாதத பைப் வழியா வாங்கற ஜிஜிப்ங்கற சுருக்கற ப்ரோக்ராம் அதையும் சுருக்கி ஒரு ஃபைலாக்கி வெச்சிடும், உள்ள ஒண்ணும் இல்லாத வெறும் வெளிக்கூட்டுக்கே 20 பைட் ஆகுமாம். ரெண்டு கமாண்ட பைப் போட்டு சேத்தா, கடைசி கமாண்ட் ஒழுங்கா முடிஞ்சுதான்னு மட்டும் தான் ஷெல், அதாவது கமாண்ட ஓட்டற ப்ரோக்ராம், பாக்கும். ஜிஜிப் ஒழுங்கா முடிஞ்சுது, அதனால பச்சை டிக். அந்த ஃபைல் நல்லா இருக்கான்னு ஜிஜிப்ல டெஸ்ட் பண்ணினாலும் பாஸ் தான் ஆகும். ரீஸ்டோர் பண்ணினா எரரும் வராது, உள்ள எதுவும் இல்லாததால ஒரு செகண்ட்ல முடிஞ்சிரும், நான் கண்ணால பாத்த மாதிரியே. இதுல இன்னொரு கொடுமை, 30 நாளுக்கு மேல ஆன ஃபைல தானா அழிக்கற மாதிரி வெச்சிருக்காங்க. ஜூன் வரைக்கும் இருந்த நல்ல பேக்கப் எல்லாத்தையும் ஜூலை நடுவுலயே அதுவே அழிச்சிருச்சு. மிச்சம் இருந்தது முப்பது காலி ஃபைல்.

பெரிய இடத்துலயும் இப்படி நடந்திருக்குன்னு அக்கா பையன் சொன்னான். 2017 ஜனவரி 31-ல, சாஃப்ட்வேர் எழுதறவங்க கோட சேத்து வெக்கற கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாவ அழிச்சுட்டாராம், பேக்கப்பத் தேடினா வெர்ஷன் பொருந்தாம அது எடுக்கவே படல, ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலும் போய்ச் சேரல. 6 மணி நேர டேட்டா போச்சு. ஆனா அவங்க ஒண்ணையும் ஒளிக்காம ஊருக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு அந்த மன்னிப்பு கூட வேண்டாங்க, "எங்க தப்பு தான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ரெண்டரை மாசம் ராத்திரி ராத்திரி காலி ஃபைலுக்கு சக்ஸஸ்னு அனுப்பிட்டு, அதுக்கு மேல 14,500 கேக்கறதுக்கு எப்படி மனசு வந்துச்சு.

ஆடிட்டர் ஆபீஸ்ல ஏப்ரல் 6-ஆம் தேதி எடுத்த ஒரு காப்பி பென்டிரைவ்ல கிடந்துச்சு, அது தான் காப்பாத்துச்சு. அக்கா பையன் அத ஏத்தினப்ப கறுப்பு ஸ்க்ரீன் நாலு நிமிசம் அசையாம நின்னுச்சு. ஏர்றதுன்னா அப்படித்தான் இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த அஞ்சு மாசம் போனது போனது தான். டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் குறிச்சு வெக்கற பின்லாக்னு ஒண்ணு இருக்கும், அதுல இருந்து மிச்சத்த எடுக்கலாமாம், அதுவும் செத்துப் போன அதே டிஸ்க்ல தான் இருந்துச்சு.

சனிக்கிழமை சம்பளத்தன்னைக்கு நிலைமைய சொன்னதும், லேடீஸ் எல்லாரும் அவங்கவங்க வெச்சிருந்த பண்டில் சீட்டக் கொண்டு வந்து குடுத்தாங்க. ஓவர்லாக் அக்கா ஒருத்தர் மளிகைக் கடை நோட்டோட பின்பக்கத்துல தேதி வாரியா, பண்டில் நம்பரோட, பென்சில்ல எழுதி வெச்சிருந்தாங்க, ஜூன் மாசத்துல இருந்து ஒரு நாள் விடாம. அத வாங்கும்போது கண்ணு கலங்கிருச்சுங்க.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சிருக்கேன். தொழிலுக்காக வாங்கின சர்வீஸ்னா நுகர்வோர் கோர்ட்ல எடுக்கறது கஷ்டம், சொந்தமா உழைச்சுப் பொழைக்கற தொழில்னு காட்டணும்னு வக்கீல் சொல்றார். 38,500 வருமோ வராதோ.

செக் பண்றத பத்தி விரிவா எழுதணும்னு தான் நெனச்சேன், இப்ப முடியல, முக்கியமானது மட்டும். பச்சை டிக்க நம்பாதீங்க, ஃபைல் சைஸப் பாருங்க, நேத்தைக்கும் இன்னைக்கும் திடீர்னு குறைஞ்சா உடனே கேளுங்க. மைஎஸ்க்யூஎல் டம்ப் முழுசா வந்திருந்தா கடைசி வரில "டம்ப் கம்ப்ளீட்டட்"னு தேதியோட இருக்கும், பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பைப்ல எந்த கமாண்ட் ஃபெயில் ஆனாலும் மொத்தமே ஃபெயில்னு காட்டற பைப்ஃபெயில் செட்டிங் ஸ்க்ரிப்ட்ல இருக்கான்னு கேளுங்க. மாசம் ஒரு தடவ வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, நேத்து போட்ட ஒரு என்ட்ரி அதுல இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க. மாட்டேன்னு சொன்னா அந்த ஆள் வேண்டாம். கான்ட்ராக்ட்ல ரீஸ்டோர்ங்கற வார்த்தை இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. ஒரு காப்பி எப்பவும் உங்க கைல இருக்கட்டும்.

வீட்டுக்காரம்மா கூப்பிடறா, ஜூலை ரெண்டாவது வாரச் சீட்டு படிச்சு சொல்ல ஆள் வேணும், போறேன்.