ஆர்டிஎஸ்சா, சனசமூக நிலையமா?

மட்டக்களப்புப் பக்கம் ஊர் வேலைக்கு நேரம் குடுக்க நினைக்கிற ஆக்களுக்கு இந்த ரெண்டும்தான் முதல்ல கண்ணுல படும். ஆர்டிஎஸ் எண்டுற கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச செயலகத்துல பதியுற, சனசமூக நிலையம் பிரதேச சபையில, டவுனெண்டா மாநகர சபையில. சின்ன வித்தியாசம்தானே எண்டு நினைக்காதீங்க, உள்றோட்டுக் கான், தெருலைட், குப்பை எல்லாம் சபைக்குரிய வேலை, அதுக்கு சனசமூக நிலையத்துக் கடிதம்தான் நேரா போய்ச் சேரும். வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் எண்டா செயலகப் பக்கம், அங்க சங்கத்துக்குத்தான் மதிப்பு. சின்னச் சின்ன வேலைய சங்கமே ஒப்பந்தம் எடுத்துச் செய்யவும் ஏலும், மறுகா பில்லு, கணக்கு எண்டு அலையணும், அது வேற தலையிடி.

நான் ரெண்டிலயும் இருந்து பாத்தனான். எங்கட ஒழுங்கைக்கு கான் இல்லாமலே கொங்ரீட் போட்டுட்டாங்க, மாரி மழைக்கு தண்ணி வாவிக்குப் போகாம வளவுக்குள்ள வந்து நிண்டுது, சங்கக் கூட்டத்துல பிளானக் கேட்டா ஆளாள் முகத்தப் பாக்காங்க. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல அந்தப் பிளான தனி ஆளாவே கேக்கலாம், 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். அது அப்ப எனக்குத் தெரியாது.

பொம்பிளைகளுக்கு மாதர் சங்கமும் இரிக்கு. பொடியனுகள் எண்டா நான் சனசமூக நிலையத்தத்தான் சொல்லுவன், பேப்பர் பாக்க வாற சாட்டுலயாவது நாலு பேர் சேருவாங்க.