பழைய பிக்கப்புக்குப் புதுக் கிளச்: பெட்டியைப் பார்க்கிறதா, பல்லை எண்ணுகிறதா?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உதிரிப்பாகக் கடைக்குப் போய் "ஹைலக்ஸுக்கு ஒரு கிளச் செற் தாங்கோ" என்று கேளுங்கள். கடைக்காரர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வியிலேயே அந்தக் கடையின் தரம் தெரிந்துவிடும். "எத்தனை பல்லு, எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேட்டால் ஆள் விசயம் தெரிந்தவர். "எந்த வருசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறாக்கையில் இருந்து பெட்டியை இறக்கினால், காசை வெளியே எடுக்க அவசரப்பட வேண்டாம்.

வருசம் ஏன் உதவாது? 1988இல் வந்த தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸில் எல்.என் 106, எல்.என் 85 என்று பல சட்டகங்கள். அவற்றில் 2446 சிசி 2எல் இஞ்சினும் உண்டு, 2779 சிசி 3எல்லும் உண்டு. 1997க்குப் பிந்திய உடம்பில் 2986 சிசி 5எல் வந்தது. இது தொழிற்சாலைக் கணக்கு. நம்மூர்க் கணக்கு வேறு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்குள் ஒரு கப்பின் (பிக்கப்பின்) இஞ்சின் இன்னொன்றுக்கும், அதன் கியர்பொக்ஸ் மூன்றாவது ஒன்றுக்கும் போய்விட்டது. புத்தகத்தில் 2எல், பொனற்றைத் திறந்தால் 3எல், அடியில் படுத்துப் பார்த்தால் வேறெங்கோ இருந்து வந்த கியர்பொக்ஸ். லைனிங் பூட்டிய கிளச் பிளேட்டின் வெளிவட்டம் இஞ்சினோடு சுற்றுகிற பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுப்பல் கியர்பொக்ஸ் சாவ்ற்றுக்குப் பொருந்த வேண்டும். இந்த இரண்டும் வாகனப் புத்தகத்தில் எழுதியிருக்காது.

ஆகவே முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள். கழற்றிய பிளேட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும்: வெளிவிட்டம், நடு ஓட்டையின் விட்டம், பல்லின் எண்ணிக்கை. ஒரு பல்லில் சோக்கால் அடையாளம் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினால் பிழை வராது. ஹைலக்ஸ் டீசலில் பெரும்பாலும் 21 பல். இசுசு டி.எப்.ஆர். (TFR) வகைக் கப்பில் 24. பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற கவரில் எதிரெதிரே உள்ள இரண்டு போல்ற் ஓட்டைகளுக்கு இடையிலான நடுத்தூரத்தையும் அளந்து வையுங்கள். பிளேட் பொருந்திக் கவர் பொருந்தாமல் போகிற கதைதான் அதிகம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறவர்கள், அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் ஒரு பயணச் செலவு மிச்சம். பிழையான பெட்டி வந்தால், அதைத் திருப்பி அனுப்பி மற்றது வரும்வரை வண்டி கராச்சில் குத்துக்கட்டையில்தான் நிற்கும்.

பெட்டியில் உள்ள இலக்கமும் பேசும். டொயோட்டா இலக்கம் 31250 என்று தொடங்கினால் பிளேட், 31210 என்றால் கவர், 31230 என்றால் பெடலை மிதிக்கிறபோது கவரை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ் பெயாரிங். நிசானில் அதே வரிசை 30100, 30210, 30502. கிளச் செய்கிற எக்ஸெடி கொம்பனியின் பெட்டியில் டி.வை.டி. (TYD) டொயோட்டா பிளேட், டி.வை.சி. (TYC) டொயோட்டா கவர். ஐசின் கொம்பனிப் பெட்டியில் டி.டி. (DT) பிளேட், சி.டி. (CT) கவர். கடைசி எழுத்து பிளேட்டா கவரா என்பதைச் சொல்கிற எக்ஸெடி முறை விளங்கிவிட்டால், ஐ.எஸ்.டி. (ISD) இசுசு பிளேட் என்று நீங்களே வாசித்துக்கொள்வீர்கள்.

இனி எதை வாங்குவது. வன்னியில் கைக்குக் கிடைக்கிறவை ஐந்து வகை.

ஐசின், எக்ஸெடி இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம். ஐசின் டொயோட்டாக் குழுமத்துக் கொம்பனி. ஹைலக்ஸில் மெதுவாகப் பிடிக்கிற தன்மை அதில் ஒரு துளி அதிகம். எக்ஸெடிதான் பழைய ஆட்கள் இன்னும் "டைக்கின் கிளச்" என்று சொல்வது. 1995இல் பெயர் மாறியது, ஆள் ஒன்றுதான். ஏசி செய்கிற டைக்கின் வேறு கொம்பனி. நெல்மூட்டை ஏற்றுகிற கப்புக்கும், முல்லைத்தீவுக் கரையில் படகு இழுக்கிற கப்புக்கும் இந்த இரண்டில் எது அளவுக்குச் சரியாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுக்கும் இடையில் நின்று யோசிப்பது வீண். யோசிக்க வேண்டியது பெட்டி உண்மையா என்பதைத்தான். பெயர் எடுத்த பெட்டிக்குத்தான் போலியும் வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் உள்ளே உலோகத்தில் குத்திய இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளேட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், ஸ்பிரிங் கிலுகிலுத்தால் திருப்பிக் கொடுங்கள். லைனிங்கின் ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கக் கூடாது. ரிவிற் தலைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இறங்கியிருக்க வேண்டும். கவரின் விரல்களை (நடுவை நோக்கி நீண்ட ஸ்பிரிங் தகடுகளை) கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், எல்லா நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

பெயரில்லாப் பெட்டி, அல்லது கேள்விப்படாத பெயருள்ள பெட்டி, விலையில் ஆளை இழுக்கும். லைனிங் தேய்வதற்கு முன்பே நடுப்பல் ஆடத் தொடங்குவதும் ஸ்பிரிங் தளர்வதும்தான் இதில் வழக்கமான முடிவு. தனியே பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிற வண்டிக்குத் தாக்குப்பிடிக்கலாம். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு வேண்டாம். கிளச் மாற்றுகிறதில் பெரிய வேலை கியர்பொக்ஸை இறக்கி ஏற்றுகிறதுதான். பெட்டியில் மிச்சம் பிடித்த காசு, இரண்டாம் முறை இறக்குகிறபோது கூலியாகப் போய்விடும்.

ஜப்பானில் இருந்து வெட்டி வருகிற ரீகண்டிஷன் சாமானில் கவரை யோசித்து எடுக்கலாம். விரல் நுனியில் பெயாரிங் உரசிய பள்ளம் 0.6 மில்லிமீற்றர் ஆழத்துக்கோ 5 மில்லிமீற்றர் அகலத்துக்கோ மேலே போயிருந்தால் டொயோட்டாக் கைநூற்படியே அது கழிவு. பிளேட்டில் ரிவிற் தலைக்கு மேலே லைனிங் 0.3 மில்லிமீற்றர் இருந்தால்தான் எல்லைக்குள். ஆனால் எல்லையில் நிற்கிற பிளேட்டை யார் போடுவது? ரிலீஸ் பெயாரிங்கை மட்டும் ஒருபோதும் பழையதில் எடுக்காதீர்கள். கையில் சுற்றினால் எல்லாப் பெயாரிங்கும் நல்ல பெயாரிங்தான்.

பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருகிற வேலை, பாகம் கிடைக்காத காலத்தில் கைகொடுத்தது. இன்றைக்கு அதற்குத் தேவை குறைவு. லைனிங்குக்கு நடுவில் அலைபோல வளைந்த மெல்லிய தகடு ஒன்று உண்டு. வண்டி உதறாமல் எடுபடுவது அதனால்தான். சூடேறித் தட்டையாகிப்போன தகட்டில் எவ்வளவு நல்ல லைனிங் அடித்தாலும், வண்டி முதல் கியரில் குதிரை மாதிரித் துள்ளும்.

கடைசியாக, பட்டன் கிளச். சுற்றிவர முழு லைனிங்குக்குப் பதிலாக நாலோ ஆறோ செராமிக் துண்டுகள். "வழுக்கவே வழுக்காது" என்று விற்பார்கள், அது உண்மையும்கூட. வழுக்காததுதான் இதில் வில்லங்கம். குளக்கட்டில் பாரத்தோடு அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுக்கிறபோது கிளச் கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும். வழுக்காவிட்டால் அந்த உதை முழுக்கப் புறொப்பெல்லர் சாவ்ற் சிலுவைக்கும் டிபரன்சலுக்கும் போகும். கடினக் கவரும் சேர்ந்தால் பெடல் கல்லாகிவிடும். பாரவண்டிக்காரர் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வன்னியில் மலை இல்லை. அப்படியிருந்தும் கிளச் ஏன் இவ்வளவு சீக்கிரம் எரிகிறது? மணலும் சேறும்தான். காலபோக அறுவடைக்கு வயலுக்குள் இறங்கிய கப்பை 4 வீலில் போடாமல் அரைக் கிளச்சில் உதைத்து எடுக்கிற பழக்கம் ஒரு நாளில் பல மாதத் தேய்வைத் தின்றுவிடும். 4 வீல் உள்ள வண்டியில் முன் ஹப்பைப் பூட்டி லோ கியரில் போட்டால் கிளச் முழுதாகப் பிடித்தபடியே வண்டி ஊர்ந்து ஏறும். பெரிய ரயர் போட்டவர்களுக்கு ஒரு சொல்: ரயர் உயர உயர ஒவ்வொரு கியரும் பாரமாகிறது, அந்தப் பாரத்தை முதலில் சுமப்பது கிளச். மாரியில் வெள்ளம் பாய்கிற பாதையில் இறங்குகிற வண்டிக்கு, ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ளுகிற ரிலீஸ் கவட்டையைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டையால்தான் சேறு உள்ளே போகிறது.

கழற்ற முன், உண்மையில் கிளச்தானா என்று ஒருக்கால் சோதியுங்கள். ஏ9 போன்ற சமதரை றோட்டில் மேல் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டு அக்சிலேற்றரை அழுத்தவும். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. நிற்கிற வண்டியில் பெடலை அடிவரை மிதித்து, மூன்று விநாடி பொறுத்து ரிவேர்ஸ் போடவும். கரகரத்தால் கிளச் விடுபடவில்லை. இது பெரும்பாலும் பிளேட்டின் குற்றம் அல்ல. ஒயில் அழுத்தத்தால் ரிலீஸ் கவட்டையைத் தள்ளுகிற சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கும், அல்லது பெடல் பக்கத்து மாஸ்ரர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கும். பெடலை மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பெயாரிங். நியூற்றலில் பெடலை விட்டபடி இருக்கையில் சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் அது கியர்பொக்ஸின் முன் பெயாரிங். புதுக் கிளச் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது, பிறகு கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

வாங்குகிறபோது பிளேட், கவர், ரிலீஸ் பெயாரிங் என்ற மூன்று உருப்படிப் பெட்டியோடு நிற்காதீர்கள். கிராங்கின் நுனியில் இருக்கிற பைலட் பெயாரிங், கிராங்கின் பின் ஒயில் சீல், கியர்பொக்ஸ் முன் சீல், இந்த மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஒயில் பட்ட பிளேட்டைக் கழுவிப் போடுவது ஏமாற்று வேலை. லைனிங் குடித்த ஒயில் சூடேறியதும் திரும்ப வெளியே வரும், வண்டி உதறும்.

பிளைவீலில் நீலத் திட்டோ முடிபோன்ற வெடிப்போ இருந்தால் முகம் எடுக்க (மேற்பரப்பைச் சமப்படுத்த) வேண்டும். லேத்தில் கடைவதைவிடச் சாணை வைத்து அரைப்பது நல்லது. சூட்டில் இறுகிய திட்டில் லேத் உளி தாவிவிடும், திட்டு மேடாகவே நிற்கும். தேவைக்கு மேல் ஒரு நூல்கூட எடுக்க வேண்டாம். முகம் பின்வாங்கினால் ரிலீஸ் கவட்டையின் நிலையும் மாறிவிடும். அரைத்த முகத்தைத் தின்னரால் துடையுங்கள். டீசலால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும்.

பூட்டுகிற இடத்தில் பிழை விடுவது நாலு இடத்தில். ஒன்று, பிளேட்டைத் திருப்பிப் போடுவது. ஸ்பிரிங் துருத்திய பக்கம் கியர்பொக்ஸைப் பார்க்க வேண்டும். மாறினால் நடுப்பகுதி பிளைவீல் போல்ற்றில் முட்டிக் கிளச் விடுபடாது. இரண்டாவது கிறீஸ். சாவ்ற் பல்லில் மொலிப்டினம் கிறீஸை மெல்லப் பூசி, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடையுங்கள். கூடினால் சுழற்சியில் தெறித்து லைனிங்குக்குப் போகும். மூன்றாவது, கவர் போல்ற்றை ஒரு பக்கமாக இறுக்குவது. குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுப்படி இறக்கி, கடைசியில் 19 நியூற்றன் மீற்றர். இது பெரிய பாரம் அல்ல, நீளச் சாவியில் முழு உடம்பையும் போட்டால் நூல் உரிந்துவிடும். நாலாவதுதான் மோசமானது: கியர்பொக்ஸை ஏற்றுகிறபோது அது பாதி நுழைந்ததும் கையை விட்டு இளைப்பாறுவது. 4 வீலுக்கான ட்ரான்ஸ்பர் கேஸோடு சேர்ந்த அந்தப் பாரம் முழுக்கப் பிளேட்டின் நடுவில் தொங்கும், புதுப் பிளேட் அங்கேயே வளையும். மணல் முற்றத்தில் வேலை செய்தால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை போட்டு, போல்ற் இரண்டு பிடிக்கும்வரை ஒருவர் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டினால் போல்ற்றை இறுக்கி இழுக்காதீர்கள், வெளியே எடுத்துப் பிளேட்டின் நடுவைத் திரும்பச் சரிபாருங்கள்.

பெடலின் மேல் ஆட்டம் 5 முதல் 15 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். ஆட்டமே இல்லாமல் விட்டால் பெயாரிங் எந்நேரமும் விரலை அழுத்தியபடி சுற்றும், கிளச் வழுக்கவும் தொடங்கும். கிளச்சுக்கு ஊற்றுகிறதும் பிறேக் ஒயில்தான்: டொட் 3, புதிதாகத் திறந்த போத்தலில் இருந்து. கறுத்த ஒயில் வந்தால் உள்ளே ரப்பர் கரைகிறது என்று பொருள், தெளிவாக வரும்வரை காற்றெடுங்கள். முதல் 500 கிலோமீற்றருக்கு மூட்டை ஏற்ற வேண்டாம். அந்த ஓட்டம் முடிந்ததும் டாங்கியில் ஒயில் மட்டத்தையும் பெடல் ஆட்டத்தையும் திரும்ப ஒருமுறை அளந்து பாருங்கள். பழைய பிளேட்டையும் கவரையும் பெட்டியோடும் பில்லோடும் அதுவரைக்கும் எறியாமல் வைத்திருங்கள்.