பேப்பரா, மாத இதழா, யூடியூபா? நடப்பு நிகழ்வுகளுக்கு எது கைகொடுக்கும்

என் சித்தி மகன் இங்கே நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதப் படிக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "அக்கா, ஆறாவதுல இருந்து பத்தாவது வரை பாடப்புத்தகம் எல்லாம் முடிச்சிட்டேன். இந்த நடப்பு நிகழ்வுதான் பிடிபடவே மாட்டேங்கு. பேப்பர் படிக்கவா, மாசப் புக்கு வாங்கவா, யூடியூப் பாத்தா போதுமா?" என்று கேட்டான். அன்றைக்கு ஏதோ அவசரத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அரசு வேலைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தவள் நான். அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் நிதானமாகச் சொல்ல வேண்டியது இது.

முதலில் தேர்வின் கணக்கு. குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. நடப்பு நிகழ்வு அந்த 75க்குள் பாடத்தோடு பின்னிக்கொண்டு வரும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். மத்திய அரசுப் பணிக்கான யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு அப்படியல்ல. பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், ஒவ்வொரு தவறுக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அரைகுறையாகத் தெரிந்த செய்தி குரூப் 4இல் சில சமயம் காப்பாற்றும், யுபிஎஸ்சியில் காலை வாரிவிடும். எந்த வழி நல்லது என்பது இங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

சரி, நாளிதழில் இருந்து தொடங்குகிறேன்.

நாளிதழின் பலம் ஒரு செய்தி ஏன் செய்தியானது என்று அது சொல்லிவிடுவதுதான். 2025 ஜனவரி 23 அன்று சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற ஆய்வறிக்கையை முதல்வர் வெளியிட்டார். ஸ்ரீவைகுண்டம் தாண்டி இருக்கிற ஊர், நமக்கு ஒரு பஸ் தூரம். மறுநாள் பேப்பரில் முழுப்பக்கம். மாத இதழில் இதே விஷயம் 'சிவகளை – இரும்பு – கி.மு. 3345' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர் எங்கே தடுமாறுவார் தெரியுமா? அதே சிவகளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கு 3,200 ஆண்டு, இரும்புக்கு 5,300 ஆண்டு. இது போதாதென்று, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் ஒரு அறிவிப்பு வந்தது. மூன்றையும் நான்கு விடைகளுக்குள் போட்டுக் குழப்பிவிடுவது கேள்வி எடுப்பவருக்கு ரொம்ப எளிது. செய்தியைக் கதையாகப் படித்தவர் குழம்ப மாட்டார். மயிலாடும்பாறையைச் சிவகளை பின்னுக்குத் தள்ளியது என்பது ஒரு சம்பவமாக மனதில் நின்றுவிடும்.

இன்னொரு உதாரணம் என் நோட்டிலேயே இருக்கிறது. நான் நோட்டின் இடது பக்கத்தில் செய்தியை எழுதுவேன், வலது பக்கத்தைக் காலியாக விடுவேன். 2024 டிசம்பர் 19 தேதியிட்ட பக்கத்தில் இடது பக்கம் இரண்டே வரி: 'சாகித்திய அகாதமி, தமிழ் – ஆ. இரா. வேங்கடாசலபதி – திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வலது பக்கம் அன்று இரவே நிரம்பிவிட்டது. தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரி 27. மார்ச் 12 வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மார்ச் 13 நெல்லையில் எழுச்சி, நகராட்சி அலுவலகம் உட்பட அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போதைய கலெக்டர் விஞ்ச். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. விருது ஒரு நடப்பு நிகழ்வு, அதன் பின்னால் நிற்பது பள்ளிப் பாடத்தில் வருகிற வரலாறு. ஒரே செய்தியில் இரண்டு அலகு படித்தாயிற்று. நானாகத் தேடி எழுதியதால் இன்று வரை மறக்கவில்லை. யாரோ தயாரித்துக் கொடுத்த தாளில் இந்த வலது பக்கம் இருக்காது. நாம்தான் எழுதியாக வேண்டும்.

நாளிதழின் பலவீனத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நேரம் தின்னும். முதல் மூன்று மாதம் எதை விடுவது என்றே தெரியாது. கட்சி அறிக்கை, கொலை, விபத்து, சினிமா எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் போனதைப் பார்த்து மனசு சோர்ந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு பாடத்திட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பாடத்திட்டத்தில் எந்த வரியோடும் சேராத செய்தியைத் தாண்டிவிடுவேன். இரண்டு மாதத்தில் நாற்பது நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிவிட்டது. வாங்க முடியாதவர்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் அங்கேயே கிடைக்கும், பழைய இதழ்களையும் புரட்டலாம்.

அப்புறம் மாத இதழ். இதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். விருதுகள், நியமனங்கள், விளையாட்டு, முக்கிய தினங்கள் ஆகிய நான்கும் மாத இதழில் இருப்பது போல வேறெங்கும் ஒழுங்காக இருக்காது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார் என்பதற்கு ஒரு வாரத்துச் செய்தித்தாள்கள் தேவையில்லை, ஒரு வரி போதும். நோபல் பட்டியலும் அப்படித்தான்.

ஆனால் மாத இதழ் அந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. என்னைச் சிக்க வைத்தது இதுதான். தமிழ்நாட்டில் ராம்சார் தளங்கள், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள், எத்தனை? 2022 முடிவில் 14. அந்த வருடம்தான் நம் நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளமும் பட்டியலில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் கரைவெட்டி, லாங்வுட் சோலை சேர்ந்து 16. அதே வருடம் ஆகஸ்டில் நஞ்சராயன், கழுவேலி சேர்ந்து 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்தங்கல் சேர்ந்து 20. இரண்டரை வருடத்தில் நான்கு விடை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தொகுப்பை நம்பி, ஒரு மாதிரித் தேர்வில் 14 என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தப் புத்தகத்தில் தவறே இல்லை, அது அச்சான நாளில் 14 சரியான விடைதான். நேட்டோ ராணுவக் கூட்டணியும் இப்படித்தான்: 2023 ஏப்ரலில் பின்லாந்து சேர்ந்தபோது 31 நாடுகள், 2024 மார்ச்சில் சுவீடன் சேர்ந்ததும் 32. பிரிக்ஸ் அமைப்பில் 2024 ஜனவரியில் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், அடுத்த ஜனவரியில் இந்தோனேசியா. எண்ணிக்கை வருகிற எந்தச் செய்தியையும் மாத இதழில் படித்தால் பக்கத்தில் பென்சிலால் மாதம், வருடம் போட்டு வையுங்கள். மாறும்போது அழித்து எழுதலாம்.

யூடியூபைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அதில் வருகிற ஆசிரியர்கள் மீது இல்லை, பலர் உண்மையாகவே உழைக்கிறார்கள். பார்த்து முடித்ததும் படித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வருகிறதே, அதன் மீதுதான். ஒரு மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டுத் தாளை எடுத்து நினைவிருப்பதை எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது ஆறு வரிக்கு மேல் தேறவில்லை. டெலிகிராம் குழுவில் வரும் பிடிஎஃப்களின் கதை இன்னும் மோசம். நூற்றுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், திறந்து பார்த்தது பத்துகூட இருக்காது. தவறுகளும் அங்கேதான் வேகமாகப் பரவும். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் பெயரையும் ஆதித்யா எல் 1 திட்ட இயக்குநர் பெயரையும் மாற்றிப் போட்ட ஒரு வினாத்தாள் எங்கள் குழுவில் இரண்டு நாள் சுற்றியது. சந்திரயான் 3க்கு விழுப்புரம் வீரமுத்துவேல். ஆதித்யாவுக்கு நம் செங்கோட்டை நிகர் ஷாஜி, நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் ஊர்க்காரர் என்பதால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் அந்தத் தவறான விடையோடே தேர்வுக்குப் போயிருக்கலாம்.

ஆனாலும் ஒரு இடத்தில் வீடியோ மற்ற இரண்டையும் அடித்துவிடும். அது உலகச் செய்தி. தமிழ் நாளிதழ்களில் உலகத்துக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான், அதிலும் பாதி விளம்பரம். மாத இதழில் நாடுகளின் பெயர்கள் வெறும் பட்டியலாக வரும். 2023 நவம்பரில் இருந்து செங்கடலில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பல கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பாப் எல் மண்டெப் நீரிணை ஏமனுக்கும் ஜிபூட்டிக்கும் நடுவில், ஹோர்முஸ் நீரிணை ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில். இதை எழுத்தில் எத்தனை முறை படித்தாலும் எனக்கு மாறிப் போகும். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பத்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்த பிறகு மாறவே இல்லை. உலகச் செய்திக்கு வரைபடத்தோடு வருகிற வீடியோவைப் பாருங்கள், பார்த்ததும் நிறுத்திவிட்டு நீங்களே ஒருமுறை கையால் வரையுங்கள்.

அரசுத் திட்டங்களில் மேலே சொன்ன மூன்றுமே கொஞ்சம் சறுக்கும். நாளிதழில் திட்டம் பற்றிய செய்தி பாராட்டு, எதிர்ப்பு அறிக்கைகளோடு கலந்து வரும், தேதியும் தொகையும் நடுவில் புதைந்து கிடக்கும். இதற்கு அரசே வெளியிடுகிற துறைவாரியான கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைப்பார்கள், தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 மதுரை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரம், மாதம் 1,000 ரூபாய். தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 கோவை. முதல் இரண்டும் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள், ஆனால் வருடமும் ஊரும் வேறு. மத்திய அரசுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்புகளும் 'திட்டம்' மாத இதழும் போதும். குரூப் 1, யுபிஎஸ்சி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் விடவே கூடாது.

பயிற்சி மையத்துத் தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் மாத இதழின் சுருக்கம்தான் அது. அங்கே காசு கொடுப்பதானால் மாதிரித் தேர்வுக்குக் கொடுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சேரலாம், இலவசம்.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள் சாப்பாடு கொடுத்ததையும் நம்மில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது. நெல்லை ஜங்ஷனில் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்தோம். நாம் பார்த்த, நமக்கு நெருக்கமான ஏதோ ஒன்றோடு கட்டிவிட்டால் எந்தச் செய்தியும் இப்படி நிற்கும். மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம், குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் மூன்றும் நம் வாசலில் இருக்கும்போது, விண்வெளியும் அணுசக்தியும் கடினம் என்று நெல்லைப் பிள்ளைகள் சொல்லக் கூடாது.

இனி யாருக்கு எது என்று சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு ஒரு வருடம் இருக்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு நாளிதழும் இரண்டு பக்க நோட்டும், மாதக் கடைசியில் மாத இதழை வைத்து விட்டுப்போனதைச் சரிபார்ப்பதும். மூன்று மாதம்தான் இருக்கிறதென்றால் பழைய நாளிதழ்களைத் தேடி ஓட வேண்டாம். கடைசி ஒரு வருட மாத இதழ்களை எடுத்து இரண்டு முறை முடியுங்கள், எண்ணிக்கைகளை மட்டும் புதிதாகச் சரிபாருங்கள். கடைசி மாதத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதைத் திரும்பப் படிக்க மட்டும்தான் அந்த மாதம்.

என் தம்பிக்கு நேரம்தான் பெரிய தடை. "கடை அடைக்கவே ராத்திரி பத்தரை ஆயிருதுக்கா" என்கிறான். அவனிடம் சொன்னது இது: "ஏல, காலைல கடைக்கு வர்ற பேப்பரை ஆளு வர்றதுக்குள்ள இருபது நிமிசம் பாரு. நாலு தலைப்பு போதும், பில் தாள் பின்னாடி குறிச்சுக்கோ. பஸ்ல வரும்போது அந்த நாலுல உலகச் செய்தி இருந்தா அதுக்கு மட்டும் வீடியோ பாரு. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் நோட்டுல ஏத்தி, வலது பக்கத்தைப் பாடப்புத்தகத்தைப் பாத்து நிரப்பு." இப்போது மூன்று வாரம் ஆகிறது. நேற்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் வலது பக்கம் பாதி காலியாகக் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு உட்கார்ந்து அதை முடிக்கப் போகிறேன்.